மைதானமும் ஜிம்மும்: திருச்சுழிப் பக்கத்துக் கணக்கு

"அண்ணே, வருசத்துக்குக் கட்டிரட்டுமா, மாசாமாசம் பாத்துக்கிடட்டுமா?" அருப்புக்கோட்டையில் ஜிம் சேரப்போகும் திருச்சுழிப் பையன்கள் தெரிந்தவர்களிடம் கேட்பது இதைத்தான். எங்கே மிஷின் அதிகம், எங்கே ஏசி இருக்கிறது, எந்த மாஸ்டர் நன்றாகச் சொல்லித்தருவார் என்பதெல்லாம் அதற்குப் பிறகு. இரண்டு ஜிம்களை எடுத்து வைத்து ஒப்பிட்டால் இந்தக் கேள்விக்கு விடை கிடைக்காது. அதே பையனின் கூட்டாளி ஒரு பைசா கட்டாமல் விடிவதற்கு முன் ஓடுகிறானே, அந்த மைதானத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். காசு வாங்காத இடம் வாரத்தில் ஆறு நாள் ஆளை எழுப்பி வரவழைக்கிறது. காசு வாங்கிய இடத்துக்கு இரண்டாவது மாதமே ஆள் வருவதில்லை. இது ஏன் என்று பார்த்தால், ஜிம்முக்குக் கட்டிய பணத்தை எப்படி வசூல் பண்ணுவது என்பதும் புரிந்துவிடும்.

மைதானம் என்றால் பெரிதாக ஒன்றும் இல்லை. பள்ளிக்கூடத்துப் பொட்டல், கண்மாய்க்கரை, வண்டி குறைந்த நேரத்துத் தார்ரோடு, இவற்றில் எது கிடைக்கிறதோ அது. திருச்சுழி, நரிக்குடி வட்டாரம் பெரும்பாலும் மானாவாரி. ஐப்பசி, கார்த்திகையில் மழை சரியாகப் பெய்தால் மல்லி, மிளகாய், குதிரைவாலி. பெய்யாவிட்டால் சீமைக்கருவேலத்தை வெட்டிக் கரிமூட்டம் போடலாம். அருப்புக்கோட்டை மில்களும் தறிகளும் கொஞ்சம் பேரை எடுத்துக்கொள்ளும், திருப்பூரும் சென்னையும் கொஞ்சம் பேரை. மிச்சமுள்ள வீடுகளில் பையன் பிளஸ் டூ முடித்ததும் பேச்சு போலீஸ், மிலிட்டரி என்றுதான் போகிறது. ஆகவே இந்தச் சீமையில் உடற்பயிற்சி என்பது முதலில் வேலை தேடுகிற காரியம். உடம்பு அழகு, ஆரோக்கியம் எல்லாம் அதற்கப்புறம் வந்த விஷயங்கள்.

வேலைக்கான உடம்புக்கு அளவுகோல் அச்சடித்தே கொடுத்திருக்கிறார்கள். தமிழ்நாடு சீருடைப் பணியாளர் தேர்வு வாரியம் நடத்தும் இரண்டாம் நிலைக் காவலர் தேர்வில் ஆண்கள் 1500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் ஓடி முடிக்க வேண்டும். பெண்கள் 400 மீட்டரை இரண்டரை நிமிடத்துக்குள். ஆண்களுக்கு நெஞ்சளவு 81 சென்டிமீட்டர், மூச்சை இழுத்தால் இன்னும் 5 சென்டிமீட்டர் விரிய வேண்டும். அதைத் தாண்டினால் கயிறு ஏறுதல், நீளமோ உயரமோ தாண்டுதல், 100 அல்லது 400 மீட்டர் ஓட்டம். 2022இல் வந்த அக்னிபத் திட்டத்தில் அக்னிவீராக ராணுவத்துக்குப் போகிறவன் 1.6 கிலோமீட்டரை ஐந்தரை நிமிடத்துக்குள் ஓடினால்தான் முழு மதிப்பெண். புல்லப்ஸில் முழு மதிப்பெண்ணுக்குப் பத்து எடுக்க வேண்டும். ஒன்பது எடுத்தவனுக்கு மதிப்பெண் குறையும். அந்தப் பத்தாவது புல்லப்புக்காக மாதக்கணக்கில் தொங்குகிறவர்கள் இருக்கிறார்கள்.

இந்த எண்களும் தேர்வு நாளும்தான் மைதானத்தில் மாஸ்டர். அறிவிப்பு வந்துவிட்டது என்று தெரிந்த அன்றைக்கே பொட்டலில் கூட்டம் கூடிவிடும். போன தடவை ஓட்டத்தில் தேறி எழுத்துத் தேர்வில் விட்ட சீனியர் ஒருவன் செல்போனில் நேரம் வைத்துக்கொண்டு நிற்பான். நாலரை மணிக்கு வராதவன் வீட்டு வாசலில் ஐந்து மணிக்கு இரண்டு பேர் நின்று பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார்கள். படுத்திருந்தால் அம்மாவே தண்ணீரைத் தெளித்து எழுப்பிவிடுவார். 7 நிமிடம் 20 விநாடியில் ஓடியவன் அடுத்த வாரம் 7 நிமிடம் 5 விநாடி ஆனானா இல்லையா என்பது ஊருக்கே தெரியும்.

இதே திருச்சுழியில் 1879 டிசம்பர் 30இல் பிறந்த வேங்கடராமன், பின்னாளைய ரமண மகரிஷி, சிறுவயதில் கால்பந்து, மல்யுத்தம், நீச்சல் எல்லாவற்றிலும் விருப்பமாக இருந்தவர் என்று அவர் வாழ்க்கை வரலாறுகள் சொல்கின்றன. நான் இந்த உடம்பல்ல என்று சொன்னவருக்கும் ஆரம்பத்தில் நல்ல திடமான உடம்பு இருந்திருக்கிறது. திருச்சுழிக்காரர்கள் இதையும் சேர்த்துப் பெருமைப்பட்டுக்கொள்ளலாம்.

இனி அருப்புக்கோட்டை ஜிம். சுற்றிலும் கண்ணாடி, பாட்டு, சுவரில் உடல் கட்டழகுப் போட்டிகளின் படங்கள். முதலாளிதான் பெரும்பாலும் மாஸ்டரும். காலையில் ஐந்து மணிக்கே திறப்பார், மதியம் மூடுவார், சாயங்காலம் திறந்து இரவு ஒன்பது, ஒன்பதரை வரை இருப்பார். மைதானத்தில் கிடைக்காத ஒரு வசதி இங்கே உண்டு. எடையை இரண்டரைக் கிலோ, ஐந்து கிலோ என்று கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றிக்கொண்டே போகலாம். தண்டால் எடுத்து எடுத்து நூறுக்குப் போனவனுக்கு மேற்கொண்டு போக வழி இல்லை. பார்பெல்லில் போட பிளேட்டுக்குப் பஞ்சம் இல்லை. ஆனால் ஜிம்மில் தேதி கிடையாது. எந்த நாளைக்குள், எந்த எடையை, எத்தனை தடவை தூக்க வேண்டும் என்று யாரும் கேட்பதில்லை. வராதவன் வீட்டு வாசலில் போய் ஜிம் முதலாளி நிற்கமாட்டார். நின்றால் அவருக்கு நஷ்டம். பணம் கட்டிய இருநூறு பேரும் ஒரே சாயங்காலம் வந்துவிட்டால் பெஞ்சும் பத்தாது, டம்பெல்லும் பத்தாது. ஜிம் தொழிலின் கணக்கே, கட்டியவர்களில் ஒரு பகுதி வரமாட்டார்கள் என்பதில்தான் நிற்கிறது. இதில் ஏமாற்று ஒன்றும் இல்லை. வராதவர் கட்டும் பணம்தான் வருகிறவருக்குக் கட்டணத்தைக் குறைத்துக் கொடுக்கிறது. எந்தப் பக்கத்தில் நிற்பது என்பது மட்டும் நம் கையில் இருக்கிறது.

இதை அமெரிக்காவில் எண்ணியே பார்த்திருக்கிறார்கள். ஸ்டெஃபனோ டெல்லாவிக்னா, உல்ரிகே மால்மெண்டியர் என்ற இரண்டு பொருளாதார அறிஞர்கள் மூன்று உடற்பயிற்சிக் கூடங்களின் 7,752 உறுப்பினர்களுடைய வருகைப் பதிவை எடுத்து ஆராய்ந்து 2006இல் வெளியிட்டார்கள். மாதம் 70 டாலருக்கு மேல் கட்டியவர்கள் சராசரியாக மாதத்தில் 4.3 தடவைதான் போயிருக்கிறார்கள். அதாவது ஒரு தடவைக்கு 17 டாலருக்கு மேல். அதே கூடத்தில் பத்துத் தடவைக்கான சீட்டை வாங்கியிருந்தால் ஒரு தடவைக்கு 10 டாலரோடு முடிந்திருக்கும். அவர்களுக்குக் கணக்குத் தெரியாமல் இல்லை. பணம் கட்டுகிற நிமிடத்தில் தன்னைப் பற்றி அவரவர் வைத்திருந்த நம்பிக்கை கொஞ்சம் கூடுதல், அவ்வளவுதான்.

நம்மூர்க் கணக்கையும் அதே மாதிரி, மாதத்துக்கு என்று போடாமல் ஒரு தடவைக்கு என்று போட்டுப் பார்ப்போம். கட்டணம் மாதம் 1000 ரூபாய், வருடத்துக்கு ஒரே தடவையில் கட்டினால் 6000 என்று வைத்துக்கொள்வோம். வாரம் மூன்று நாள், மாதம் 12 தடவை போனால் மாதக் கட்டணக்காரனுக்கு ஒரு தடவைக்கு 83 ரூபாய். மாதம் நாலு தடவை போனால் 250. வருடத்துக்குக் கட்டியவன் 12 மாதமும் 12 தடவை போனால் ஒரு தடவைக்கு 42 ரூபாய்க்குள் முடிந்துவிடும். இதைவிட மலிவு கிடையாது. அவனே மூன்று மாதம் மட்டும் ஒழுங்காகப் போய் நிறுத்திவிட்டால், 36 தடவைக்கு 6000, ஒரு தடவைக்கு 167 ரூபாய். மாதாமாதம் கட்டி மூன்று மாதத்தில் நிறுத்தியவனுக்கு மூவாயிரத்தோடு போயிற்று. ஆறு மாதம் தாண்டினால்தான் வருடக் கட்டணம் லாபம்.

திருச்சுழிக்காரனுக்கு இதில் இன்னொரு செலவும் உண்டு. அருப்புக்கோட்டைக்கு 15, 20 கிலோமீட்டர். போய்வர 35 கிலோமீட்டர் என்று வைத்து, லிட்டருக்கு 50 கிலோமீட்டர் ஓடும் பைக்கில், 100 ரூபாயைத் தாண்டிய பெட்ரோலைப் போட்டால் ஒரு தடவைக்கு 70 ரூபாய்க்கு மேல். மாதம் 12 தடவைக்கு 840. கிட்டத்தட்ட இன்னொரு ஜிம் கட்டணம். வருடத்துக்குக் கட்டி மாதம் ஐந்நூறு மிச்சம் பிடித்தேன் என்று சொல்கிறவர்கள் இந்த 840ஐ எழுதுவதே இல்லை. அருப்புக்கோட்டையில் வேலைக்கோ படிப்புக்கோ எப்படியும் போய்வருகிறவனுக்கு இந்தச் செலவு இல்லை. அவன் ஜிம்மை பஸ் ஸ்டாண்டுக்கும் வேலை இடத்துக்கும் நடுவில் பிடிக்க வேண்டும். ஊரிலேயே பெரிய ஜிம் என்று நகரின் மறுகோடிக்குப் போகக் கூடாது. ஜிம்முக்கென்றே திருச்சுழியிலிருந்து கிளம்ப வேண்டும் என்றால், என் அபிப்பிராயத்தில் சேரவே வேண்டாம். இருட்டியபின் பைக்கில் திரும்பும் அலுப்பு இரண்டாம் மாதம் தன் வேலையைக் காட்டிவிடும்.

மைதானமும் ஓசி இல்லை என்பதைச் சொல்லிவிட வேண்டும். வெறுங்காலோடு ஓடினால் கருவேல முள். ஷூ வாங்கினால் இந்தத் தரையில் சீக்கிரம் தேய்கிறது. தார்ரோட்டில் தினமும் ஓடிக் கெண்டைக்கால் எலும்பில் வலி கண்டு, தேர்வுக்கு ஒரு மாதம் இருக்கும்போது படுத்துக்கொண்ட பையன்கள் ஊருக்கு ஊர் உண்டு. ஓட்டம் மட்டுமே ஓடி, இடுப்புக்கும் தொடைக்கும் பலம் ஏற்றாததால் வருகிற வினைதான் இதில் பாதி. கயிறு ஏறுவதற்கு முதுகிலும் பிடியிலும் பலம் வேண்டும். வேப்பமரத்துக் கிளையில் தொங்கித் தொங்கி அது வர நாளாகும். ஜிம்மில் லேட் புல்டவுன் மிஷினில் எடையைக் கூட்டிக்கொண்டே போனால் தன் உடம்பு எடையைத் தானே இழுக்கிற பலம் சீக்கிரம் வரும். ஆகவே தேர்வுக்கு மூன்று மாதம் இருக்கிற பையன், மைதானத்தை விடாமல், வாரம் இரண்டு நாள் ஜிம்மில் முதுகும் காலும் செய்தால் அந்த மூன்று மாதக் கட்டணம் முழுக்கப் பலன் தரும். ஜிம்மில் இவனைவிடக் குறைந்த நேரம் இருந்து, இவனைவிட அதிகம் எடுத்துக்கொண்டு போகிறவர் வேறு யாரும் இருக்கமாட்டார்கள். எதற்கு வந்தோம் என்று அவனுக்குத் தெரியும்.

தெரியாமல் வருகிறவர்களுக்கு என்ன நடக்கிறது? திங்கட்கிழமை தமிழ்நாடு முழுக்க செஸ்ட். பெஞ்சுக்கு வரிசை நிற்கும். செவ்வாய் முதுகு, புதன் தோள், வியாழன் கை, வெள்ளியோ சனியோ கால். போட்டிக்குத் தயாராகிற, வாரம் ஆறு நாள் வருகிற ஆளுக்கு ஏற்பட்ட அட்டவணை இது. மாஸ்டர் அப்படித்தான் வளர்ந்தார், ஆகவே அப்படித்தான் சொல்லித்தருகிறார். திங்கள், செவ்வாய் வந்துவிட்டுப் புதன்கிழமை வேலை வந்து நின்றுவிடுகிற கடைக்காரர் இந்த அட்டவணையில் மாட்டினால் மாதம் முழுக்க அவருக்கு நெஞ்சும் முதுகும் மட்டும்தான். கால் பக்கம் போகவேமாட்டார். அவர் கட்டிய கட்டணத்தில் பாதி அப்படியே போய்விடுகிறது. வாரம் இரண்டு, மூன்று நாள்தான் வர முடியும் என்றால், வருகிற ஒவ்வொரு நாளும் முழு உடம்புக்கும் சேர்த்து ஐந்தாறு பயிற்சி: உட்கார்ந்து எழுவது, தரையிலிருந்து தூக்குவது, தள்ளுவது, இழுப்பது, தலைக்கு மேல் தூக்குவது. முதல் நாளே மாஸ்டரிடம், "அண்ணே, எனக்கு வாரம் மூணு நாள்தான், ஃபுல் பாடி போட்டுக் குடுங்க" என்று சொல்லிவிட வேண்டும். நல்ல மாஸ்டர் இரண்டு நிமிடத்தில் எழுதித் தருவார். தராதவரிடம் பணம் கட்டுவதைப் பற்றி யோசிக்கலாம்.

எழுதி வைப்பதும் மைதானத்திலிருந்து கடன் வாங்க வேண்டிய ஒன்று. மைதானத்தில் நேரம் எல்லாருக்கும் தெரியும் என்று சொன்னேன். ஜிம்மில் போன மாதம் இதே நாளில் எத்தனை கிலோ தூக்கினாய் என்று கேட்டால் பத்தில் எட்டுப் பேருக்குச் சொல்லத் தெரியாது. கண்ணாடியைப் பார்த்துக் கொஞ்சம் ஏறியிருக்கு என்பார்கள். செல்போனில் ஒரு வரி, இன்ன தேதி, இத்தனை கிலோ, இத்தனை தடவை, போதும். கட்டிய பணம் வீணாகிறதா இல்லையா என்று காட்டுகிற ரசீது அதுதான்.

இப்போது அந்த முதல் கேள்விக்கு வருவோம். வருடமா, மாதமா? ஜிம் விளம்பரத்தில் வருடத்துக்கு 12 மாதம். இந்தச் சீமையில் அப்படி இல்லை. கார்த்திகை பிறந்ததும் மாலை போடுகிறவர்கள் முட்டை, கறியை விட்டுவிடுவார்கள். அதோடு ஜிம்மையும் விடுகிறவர்கள் பலர். ஒரு மண்டலம் போயிற்று. நிலம் வைத்திருக்கும் வீட்டுப் பையனுக்குப் புரட்டாசி, ஐப்பசியில் விதைப்பு, தை மாசியில் அறுப்பு. பங்குனிப் பொங்கல் சமயத்தில் பத்து நாள். சித்திரை, வைகாசி வெயிலில் தகரக் கூரை போட்ட ஜிம்முக்குள் சாயங்காலம் ஆறு மணிக்கும் அனல் இறங்காது. இதையெல்லாம் கழித்தால் எட்டு மாதம் தேறலாம். ஆறு மாதம் தாண்டினால் லாபம் என்ற கணக்கு, எட்டு மாதத்தில் ஒரு மாதம் காய்ச்சல், ஒரு மாதம் சோம்பல் என்று போனால் சரிக்குச் சரியாகிவிடும். மாலை போடுகிற மாதத்துக்கு நிறுத்திவைத்துப் பின்னால் சேர்த்துத் தருவீர்களா என்று முன்கூட்டியே கேட்டு ரசீதில் எழுதி வாங்கினால் வருடக் கட்டணத்தைப் பற்றிப் பேசலாம்.

இன்னொன்றும் உண்டு. ஜான் கூர்வில், திலீப் சோமன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் ஜிம்மில் பணம் கட்டும் முறைக்கும் வருகைக்கும் உள்ள தொடர்பைப் பார்த்தார்கள். மொத்தமாகக் கட்டியவர்கள் கட்டிய மாதத்தில் விழுந்து விழுந்து வந்தார்கள். நாள் போகப் போகக் கட்டிய வலி மறந்து வருகை தேய்ந்தது. அடுத்த தவணை கட்டியதும் மறுபடி ஏறியது. மாதாமாதம் கட்டியவர்களின் வருகை ஒரே சீராக இருந்தது. வலிக்க வேண்டிய இடத்தில் மாதம் ஒரு தடவை வலிப்பது நல்லதுதான். அருப்புக்கோட்டை மாதிரி ஊர்களில் ஒரு வசதி, பணம் தானாக வங்கிக் கணக்கிலிருந்து கழிவது அநேகமாக இல்லை. நோட்டில் பெயர் எழுதி, ஜி-பேயிலோ கையிலோ கொடுப்பதுதான் வழக்கம். கொடுக்கிற ஒவ்வொரு தடவையும் போன மாதம் எத்தனை நாள் வந்தோம் என்ற நினைப்பு வந்தே தீரும். இந்தச் சங்கடத்தைத் தவிர்க்கத்தான் நிறையப் பேர் வருடத்துக்குக் கட்டிவிடுகிறார்கள் என்பது என் சந்தேகம்.

முன்பணத்தில் இருக்கிற ஆபத்தையும் மறக்கக் கூடாது. 1932இல் மும்பையில் தொடங்கிய தல்வால்கர் ஜிம், பின்னால் தல்வால்கர்ஸ் பெட்டர் வேல்யூ ஃபிட்னஸ் என்ற கம்பெனியாகி, 2010இல் பங்குச்சந்தைக்கு வந்தது. பெயரிலேயே நல்ல மதிப்பு. 2019இல் கடன் பத்திரங்களுக்கு வட்டி கட்ட முடியாமல் தவறியது. கிளைகள் மூட மூட, முன்பணம் கட்டியிருந்த உறுப்பினர்கள் திண்டாடினார்கள். எண்பது வருடத்துக்கு மேற்பட்ட பெயருக்கே இந்தக் கதி. 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது தமிழ்நாட்டு ஜிம்கள் ஆகஸ்ட் 10 வரை பூட்டிக் கிடந்தன. மாதக் கட்டணக்காரர்கள் ஏப்ரலில் கட்டவில்லை, அதோடு சரி. வருடத்துக்குக் கட்டியவர்கள் முதலாளியின் நல்ல மனசை நம்பி இருந்தார்கள். சின்ன ஊர் முதலாளிகள் நிறையப் பேர் நாளைக் கூட்டிக் கொடுத்தார்கள் என்பதும் உண்மை. வாடகையும் மின்கட்டணமும் கட்ட முடியாமல் மிஷினை விற்றவர்களும் இருந்தார்கள்.

ஜிஎஸ்டி என்று சேர்த்து வாங்கினால் ஒரு கேள்வி கேட்கலாம். ஜிம் சேவைக்கு 18 சதவீதமாக இருந்த வரி 2025 செப்டம்பர் 22 முதல் 5 சதவீதம். வருட வரவு 20 லட்சத்துக்கு உட்பட்ட சேவைத் தொழில்களுக்குப் பதிவே கட்டாயம் இல்லை. பதிவு இல்லாதவர் வரி வசூலிக்க முடியாது. நூறு பேர், ஆளுக்கு ஆயிரம் என்றால் வருடத்துக்கு 12 லட்சம்தான். ஆகவே பில்லில் ஜிஎஸ்டி எண் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கொடுங்கள்.

இதுவரை இளவட்டங்களைப் பற்றியே பேசிவிட்டேன். ஜிம்முக்குக் கட்டும் பணத்துக்கு நிஜமான பலன் யாருக்கு என்று கேட்டால் நாற்பதைத் தாண்டியவர்களுக்கு என்பேன். மைதானத்தில் அவர்களுக்கு இடமே இல்லை. ஏழு நிமிட ஓட்டக்காரர்கள் நடுவில் முழங்கால் வலிக்காரர் என்ன செய்வார்? 2023இல் வெளியான ஐசிஎம்ஆர் ஆய்வின்படி நாட்டில் சர்க்கரை நோயாளிகள் 10 கோடிக்கு மேல். தமிழ்நாட்டில் பெரியவர்களில் 14.4 சதவீதம். தறிக்காரர், ஜவுளிக்கடைக்காரர், வாத்தியார், பேங்க் ஊழியர் எல்லாரும் இதில் உண்டு. உலக சுகாதார நிறுவனம் சொல்வது வாரம் 150 நிமிடத்துக்குக் குறையாத மிதமான உடலுழைப்பு, அதோடு வாரம் இரண்டு நாளாவது தசையைப் பலப்படுத்தும் பயிற்சி. முதல் பாதிக்கு ஜிம் வேண்டியதில்லை. குண்டாற்றங்கரையிலோ கோயிலைச் சுற்றியோ நடந்தால் போதும். ஜிம்மில் டிரெட்மில்லில் ஏறி நடப்பது, பஸ்ஸுக்குக் காசு கொடுத்துவிட்டு நடந்து போவது மாதிரி. இரண்டாவது பாதிதான் வீட்டில் நடக்காதது, அதற்குத்தான் கட்டணம். வாரம் இரண்டு, மாதம் எட்டுத் தடவை. எட்டு நாளுக்கு மட்டும் கட்டணம் போட்டுத் தருவீர்களா என்று கூச்சப்படாமல் கேட்கலாம். காலை பத்து மணிபோல ஜிம் காலியாகக் கிடக்கிற நேரத்தில் வருகிறேன் என்று சொன்னால் ஒத்துக்கொள்ள வாய்ப்பு அதிகம்.

எட்டு என்ற எண்ணுக்கு ஒரு சான்றும் இருக்கிறது. கேரி சார்னஸ், யூரி கினீசி இருவரும் 2009இல் வெளியிட்ட ஆய்வில், மாணவர்களுக்கு ஒரு மாதத்துக்குள் எட்டுத் தடவை ஜிம்முக்கு வந்தால் பணம் என்றார்கள். பணம் நின்றபிறகும் அவர்கள் மற்றவர்களைவிட அதிகம் வந்தார்கள், முக்கியமாக அதற்கு முன் பழக்கமே இல்லாதவர்கள். முதல் மாதம் எப்படியாவது எட்டுத் தடவை போய்விடுவது பெரிய விஷயம். நம்மூரில் பணம் கொடுக்க ஆள் இல்லை. மைதானத்துப் பையன்கள் வாசலில் நின்று கூப்பிடுகிறார்களே, அதை ஏற்பாடு பண்ணிக்கொள்ளலாம். மச்சானோ பக்கத்துக் கடைக்காரரோ, ஒரே நேரத்தில் ஒரே ஜிம்மில் சேர்கிற ஒருத்தர்.

பெண்களுக்கு இரண்டு இடமும் அவ்வளவு சௌகரியம் இல்லை. போலீஸ் தேர்வுக்கு ஓடுகிற பெண்பிள்ளை இருட்டில் தனியாகப் பொட்டலுக்குப் போக வீடு விடாது. அப்பாவோ அண்ணனோ பைக்கில் பின்னாலேயே வருவார்கள். ஜிம்மில் லேடீஸ் டைமிங் என்று காலை பத்திலிருந்து பதினொன்றரை வரை ஒதுக்குவார்கள், வேலைக்குப் போகிற பெண் யாருக்கும் வர முடியாத நேரம். ஒன்று மட்டும் அவர்களுக்குச் சாதகம்: 2021இலிருந்து டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. டவுன் பஸ் நேரமும் லேடீஸ் டைமிங்கும் பொருந்துகிற ஊர்க்காரப் பெண்களுக்கு அந்த 840 ரூபாய் மிச்சம்.

மைதானம் மாதிரி இலவசமாக, ஜிம் மாதிரி எடைகளோடு ஒன்றை அரசும் முயன்று பார்த்தது. 2016இல் ஜெயலலிதா அறிவித்த அம்மா பூங்காவும் உடற்பயிற்சிக் கூடமும்: 500 கிராம ஊராட்சிகளில், பூங்காவுக்கு 20 லட்சம், கூடத்துக்கு 10 லட்சம். பல இடங்களில் கட்டடம் பூட்டியும் கருவி துருப்பிடித்தும் கிடப்பதாகச் செய்தி வந்தபடியே இருக்கிறது. சாவி யாரிடம், பல்பு போனால் யார் மாற்றுவது, முதல் நாள் வருகிறவனுக்கு யார் சொல்லித்தருவது என்பதற்கு ஆள் போடவில்லை. மைதானத்துச் சீனியரும் அங்கே இல்லை, மாத வசூலை நம்பிக் காலை ஐந்து மணிக்குக் கதவைத் திறக்கும் முதலாளியும் இல்லை. ஜிம் கட்டணத்தில் பெரும்பகுதி இந்த ஐந்து மணிக்குத் திறக்கும் கைக்குத்தான் என்பது இதைப் பார்த்தால் தெரியும்.

கட்டணத்தைத் தின்றுவிடுகிற ஒன்று அதே ஜிம்மில் கண்ணாடி அலமாரிக்குள் இருக்கிறது. பவுடர் டப்பா. மாதக் கட்டணத்தைப் போல இரண்டு மடங்கு, மூன்று மடங்கு விலை. ஆரோக்கியமான பெரியவர் ஒருவருக்கு ஒரு நாளைக்கு உடல் எடையில் கிலோவுக்கு 0.83 கிராம் புரதம் என்பது தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் கணக்கு. எடை தூக்குகிறவருக்கு இதைவிடக் கூடுதலாக வேண்டும் என்றாலும், முட்டைக்கு 6 கிராம், நூறு கிராம் நிலக்கடலையில் 25 கிராமுக்குச் சற்றுக் குறைய, கொண்டைக்கடலை, மொச்சை, மீன் என்று வீட்டிலேயே எட்டிவிடலாம். 2024இல் அதே நிறுவனம் வெளியிட்ட உணவு வழிகாட்டி, உடம்பு ஏற்றுவதற்காகப் பவுடர் சாப்பிடுவதை வேண்டாம் என்கிறது. உடம்பு ஏற்றும் ஊசி என்று யாராவது காதோடு பேசினால் அந்த ஜிம்மிலிருந்து அன்றைக்கே கிளம்பிவிட வேண்டும். கட்டிய பணம் போனாலும் போகட்டும்.

தகராறு வந்தால் 2019ஆம் வருடத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் வழி உண்டு. 5 லட்சம் வரைக்குக் கட்டணமே இல்லாமல் மாவட்ட ஆணையத்தில் புகார் கொடுக்கலாம், 1915 என்ற எண்ணுக்கும் பேசலாம். ஆனால் விருதுநகர் மாவட்டத்து ஆணையம் இருப்பது ஸ்ரீவில்லிபுத்தூரில், மாவட்டத்தின் மறுகோடியில். மூவாயிரத்தை மீட்கத் திருச்சுழியிலிருந்து அங்கே போய்வருகிறவர் எத்தனை பேர்? ரசீது இல்லாமல் நோட்டில் மட்டும் பெயர் இருந்தால் அதுவும் கஷ்டம்தான்.

மைதானத்துப் பையன் போலீஸ் ஆகிவிட்டான் என்று வைத்துக்கொள்வோம். பயிற்சி முடிந்து முதல் சம்பளத்தில் அவன் செய்கிற காரியங்களில் ஒன்று, ஜிம்மில் வருடத்துக்குக் கட்டுவது. இனிமேல் தேதி இல்லை, சீனியர் இல்லை, வாசலில் கூப்பிட ஆள் இல்லை. டியூட்டியும் ஒரு நேரத்தில் இல்லை. செப்டம்பர் 11 நினைவு நாளுக்குப் பரமக்குடி, அக்டோபர் 30 குருபூஜைக்குப் பசும்பொன், அதையொட்டித் தீபாவளி, பிறகு தேர்தல் வந்தால் தேர்தல் என்று பந்தோபஸ்து மாதக்கணக்கில் இழுக்கும். அவனுக்கு நான் சொல்வது, டியூட்டி சீட்டு வந்தபிறகு அந்தந்த மாதத்துக்குக் கட்டு, செப்டம்பரும் அக்டோபரும் கட்டாதே, அந்த இரண்டு மாதமும் கிடைக்கிற நேரத்தில் ஸ்டேஷன் பக்கத்திலேயே ஏதாவது ஒரு பொட்டலைப் பார்த்து ஓடு.